ரைஸ் குக்கர் மட்டும் இருக்கும் அறையில் என்ன சமைப்பது?

கேள்வி: நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். தங்கியிருக்கும் அறையில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. ஒரு சின்ன ரைஸ் குக்கர் மட்டும் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கிடையாது. கையில் காசும் குறைவு என்பதால் பெரும்பாலும் நூடுல்ஸ், பிரெட் என்றே ஓடுகிறது. பதினோரு மணிக்கெல்லாம் பசித்துத் தலை சுற்றுகிறது. ஒருநாள் குக்கரில் பருப்பு போட்டேன். நுரை பொங்கி மேசை முழுக்க வழிந்தது. வெங்காயம் வதக்கலாம் என்று பார்த்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் பொத்தான் தானாக மேலே வந்துவிடுகிறது. குக்கர் பழுதா? இதில் சோறு தவிர வேறு என்ன செய்யலாம்? இரவு மிஞ்சும் சோற்றைக் காலையில் சூடாக்கிச் சாப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் குக்கரில் பழுது எதுவும் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இருக்கிற காசைப் போட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளையும் வைத்துப் பார்த்தால் குக்கர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி.

பிளக்கைக் கழற்றிவிட்டு, நன்றாக ஆறிய பிறகு உள்பாத்திரத்தை வெளியே எடுங்கள். கீழே சூட்டுத் தட்டின் நடுவில், விரலால் அமுக்கினால் லேசாக உள்ளே போகும் வட்டமான பகுதி ஒன்று இருக்கும். பாத்திரத்தின் அடிச் சூட்டை அறிவது அதுதான். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை சூடு ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் அடிச் சூடு மளமளவென்று ஏறும். சாதாரண குக்கர்களில் அந்த வட்டத்துக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. சூடு 100-ஐச் சற்றுத் தாண்டியதும் அது பிடியை விட்டுவிடும், ஸ்பிரிங் தள்ளும், ‘டக்’கென்று பொத்தான் மேலே வரும். ஆக, குக்கருக்கு நேரம் பார்க்கத் தெரியாது. உள்ளே இருப்பது வெந்ததா என்றும் தெரியாது. தண்ணீர் தீர்ந்துவிட்டதா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

1955-இல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி ரைஸ் குக்கரில் இந்தச் சூட்சுமம் இன்னும் வெளிப்படையாகவே இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பாத்திரங்கள், வெளிப்பாத்திரத்தில் அளந்து ஊற்றிய தண்ணீர். அந்தத் தண்ணீர் கொதித்து வற்றச் சுமார் 20 நிமிடம் ஆகும். வற்றியதும் சூடு ஏறி சுவிட்ச் அணையும். அதை வடிவமைத்தவர் யோஷிதாதா மினாமி. வீட்டில் திரும்பத் திரும்பச் சோறாக்கிப் பார்த்துச் சோதித்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. நேரத்தைத் தண்ணீரால் அளந்தார்கள். நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். சீக்கிரம் வேகும் பொருளுக்குத் தண்ணீரைக் குறைப்பீர்கள், மெதுவாக வேகும் பொருளுக்குக் கூட்டுவீர்கள்.

இப்போது வெங்காய விஷயம் புரிந்திருக்கும். எண்ணெயின் சூடு 100-ஐச் சீக்கிரமே தாண்டிவிடும். தண்ணீர் தீர்ந்துபோனது என்று நினைத்துக் குக்கர் அணைந்துவிடுகிறது. பொத்தான் மேலே வராமல் இருக்க ஸ்பூனை அண்டக் கொடுப்பது, கயிறு கட்டுவது போன்ற வேலைகளைச் சிலர் செய்வார்கள். தயவு செய்து அது மட்டும் வேண்டாம், தீப்பிடிப்பது வரை போகலாம். அந்த இரண்டு மூன்று நிமிடமே போதும். எண்ணெய் ஒரு ஸ்பூன், கொஞ்சம் சீரகம், நசுக்கிய பூண்டு இரண்டு பல், நறுக்கிய வெங்காயம் எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுப் பொத்தானை அழுத்துங்கள். அணையும்போது வெங்காயம் சிவந்திருக்காது, ஆனால் வாசனை எண்ணெயில் இறங்கியிருக்கும். உடனே தண்ணீரை ஊற்றினால் அடி குளிர்ந்துவிடும், பொத்தானும் மறுபடி அமுங்கும். அப்புறம் அரிசி, பருப்பு, காய் என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

பருப்பு பொங்கியதற்குக் காரணம், அதன் புரதமும் மாவுச்சத்தும் கொதிக்கும்போது நுரை கட்டும் என்பதுதான். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். இரண்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். கண்ணாடி மூடி போட்ட குக்கர் என்றால், கொதி வந்த முதல் பத்து நிமிடம் மூடிக்கு அடியில் மரக்கரண்டி ஒன்றைக் கொடுத்துக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். பட்டியலாக இருபது உணவுகள் எழுதித் தரலாம், நீங்கள் ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். ஒன்றை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றவை அதிலிருந்தே வரும். அந்த ஒன்று, அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைப்பது.

பாசிப்பருப்பு அல்லது மசூர் பருப்பு வாங்குங்கள். இரண்டும் ஊறவைக்காமலே ஏறத்தாழ அரிசி வேகும் நேரத்தில் வெந்துவிடும், அதனால்தான் இவற்றைச் சொல்கிறேன். குக்கரோடு வரும் அளவுக் கப் பெரும்பாலும் 180 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். சமையல் குறிப்புகளில் ‘ஒரு கப்’ என்று போட்டிருப்பது பல சமயம் 240 மில்லி. இரண்டையும் குழப்பிக்கொண்டு அரிசியை ஒன்றிலும் தண்ணீரை இன்னொன்றிலும் அளப்பதால்தான் பலருக்குச் சோறு கூழாகிறது, அல்லது விறைத்துப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் எந்தக் கப் என்பது முக்கியமே இல்லை.

அரைக் கப் அரிசி, கால் கப் பருப்பு. இரண்டையும் பாத்திரத்திலேயே போட்டுக் கழுவி வடியுங்கள். கேரட், முட்டைக்கோஸ், பட்டாணி என்று கையில் இருக்கும் காயைப் பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி. இரண்டரைக் கப் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். மூடிப் பொத்தானை அழுத்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு மூடி தடதடவென்று ஆடும், ஆவி வரும், கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மெல்லத் தணியும், பிறகு ‘டக்’. உடனே திறக்காதீர்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டால் அடியில் இருக்கும் ஈரம் மேலே ஏறி எல்லாம் ஒரே பதமாக வரும். ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். வெண்ணெய் போல மசிந்தால் சரி. நடுவில் கடுக்கென்று ஏதாவது தட்டுப்பட்டால் அரைக் கப் சுடுதண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி அழுத்துங்கள். அடுத்த முறை முதலிலேயே அந்த அரைக் கப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் பதினோரு மணிப் பசிக்கு இது நேரான பதில். நூடுல்ஸிலும் வெறும் பிரெட்டிலும் மாவுச்சத்துதான் பெரும்பகுதி, புரதம் சொற்பம். அரிசியில் புரதம் உண்டு, ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் நிறைய, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு, அது அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நான் சொன்ன அளவில் சுமார் 14 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டை சேர்த்தால் இன்னும் 6 கிராம். சாப்பிடும்போது அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, பருப்பின் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும். டீ அந்த இரும்புச்சத்தைத் தடுக்கும் என்பதால் சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பை வேகும் முன்பே அதிகமாகச் சேர்த்தால் பருப்பு வேக மறுக்கும். புளிப்பு கடைசியில்தான்.

ஆனால் இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் தலைசுற்றல் நிற்கவில்லை என்றால் அதைச் சமையலோடு விட்டுவிடாதீர்கள். மருத்துவரைப் பார்த்து ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். மயங்கி விழும் அளவுக்கு வந்தால் இந்த இரண்டு மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது முட்டை. சோறு வேகும்போது ஒரு கட்டத்தில் மேலே தண்ணீர் மறைந்து சின்னச் சின்னக் குழிகள் தெரியும், அவற்றின் வழியே ஆவி புஸ் புஸ்ஸென்று வரும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து, கரண்டியின் பின்பக்கத்தால் சோற்றில் இரண்டு பள்ளம் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுங்கள். குக்கர் அணைந்து பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் முட்டை சோற்றிலேயே உட்கார்ந்து வெந்திருக்கும். மஞ்சள் கரு இறுகியிருக்க வேண்டும், நடுவில் குத்திப் பார்த்து ஒழுகினால் இன்னும் ஐந்து நிமிடம். மிளகுத்தூளும் உப்பும் தூவினால் போதும், தனியாகத் தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாது.

குக்கரோடு ஓட்டைபோட்ட தட்டு ஒன்று வந்திருந்தால் அதைப் பெட்டியிலேயே தூங்க விடாதீர்கள். கீழே சோறு வேகும் அதே ஆவியில் மேலே உருளைக்கிழங்கும் கேரட்டும் வெந்துவிடும். கிழங்கைச் சின்னத் துண்டுகளாக நறுக்க வேண்டும், முழுசாக வைத்தால் சோறு முடிந்த பிறகும் கல்லாகத்தான் இருக்கும். கீரையை வேகவைக்கவே வேண்டாம். குக்கர் அணைந்ததும் நறுக்கிய கீரையைச் சோற்றின் மேல் பரப்பி மூடினால் அந்தப் பத்து நிமிட ஆவியிலேயே சுருண்டு வெந்துவிடும்.

காலையில் நேரமில்லாதவர்களுக்கு ஓட்ஸ். அரைக் கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீர். இதில் மட்டும் குக்கரை நம்பி விட்டுவிட்டுக் குளிக்கப் போகக் கூடாது. ஓட்ஸ் கெட்டியாகிக்கொண்டே வரும், அடியில் இருக்கும் ஈரம் தீரும் வரை குக்கர் அணையாது, அதற்குள் அடிப்பிடித்துவிடும். பக்கத்தில் நின்று கிளறி, பதம் வந்ததும் நீங்களே அணையுங்கள். பாலை அதன் பிறகு ஊற்றுங்கள். முதலிலேயே பால் ஊற்றினால் பொங்கி வெளியே போகும், அடியும் கருகும். வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை சேர்த்தால் மதியம் வரை தாங்கும்.

நூடுல்ஸை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். அசதியான இரவுகள் இருக்கத்தானே செய்யும். மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போடுங்கள், அதில்தான் உப்பு அதிகம். ஒரு கைப்பிடிக் காயும் ஒரு முட்டையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். அது வேறு சாப்பாடு.

காய்ந்த சிவப்புக் கிட்னி பீன்ஸை இந்தக் குக்கரில் போடவே போடாதீர்கள். சரியாக வேகாத அந்தப் பயற்றில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சு இருக்கிறது. நான்கைந்து பயறு சாப்பிட்டாலே கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவைத்தால்தான் நச்சு போகும். சமைத்ததைச் சூடாக வைத்திருக்கும் குக்கரின் ‘வார்ம்’ சூட்டில் மணிக்கணக்காக வைத்தாலும் போகாது, அரைகுறைச் சூட்டில் நச்சு இன்னும் வீரியமாகும். ஆசையாக இருந்தால் டின்னில் வருவதை வாங்குங்கள், அது ஏற்கெனவே வெந்தது. கொண்டைக்கடலையில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ஊறவைத்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். சின்னக் குக்கரில் தண்ணீர் ஊற்றி ஊற்றி அலுத்துப்போவீர்கள். இறைச்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் அதற்கு நான் வழி சொல்லவும் மாட்டேன்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மிஞ்சிய சோறு. இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் படித்த காலத்தில் என்னோடு அறையில் இருந்த தோழிக்கு இரவு மிஞ்சிய சோற்றைக் காலையில் நான்தான் சூடாக்கிக் கொடுத்தேன். நன்றாக ஆவி வரும் வரை சூடாக்கினேன், கிருமி இருந்தால் செத்துப்போகும் என்று நம்பினேன். சோற்றில் கெட்ட வாடை எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள், மாலை வரை நிற்கவில்லை. அன்று பரீட்சை எழுதவும் போக முடியவில்லை. ஏன் அப்படி ஆனது என்று பிறகு உணவியல் பாடத்தில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அரிசியில் பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் இருக்கலாம். கொதிநீரிலும் அந்த வித்துக்கள் சாகாமல் தப்பும். சோறு அறைச் சூட்டில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. பாக்டீரியாவைக் கொன்றாலும் அது உண்டாக்கி வைத்த நச்சு சோற்றிலேயே இருக்கும். மறுபடி சூடாக்குவதால் பயனில்லை என்று சொல்வது இதனால்தான். வாடையோ வழவழப்போ இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது விதி. உங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. ஆகவே இரவு மிஞ்சியதைக் காலையில் சாப்பிடாதீர்கள். மிச்சமே வராமல் அளந்து சமையுங்கள். சின்னக் குக்கர் இருப்பது இதற்கு வசதிதான். பெரும்பாலான குக்கர்களில் ‘வார்ம்’ நிலை 60-க்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்கும். அதனால் வகுப்பு நண்பன் வரத் தாமதம், இரண்டு மணி நேரம் வைத்திருக்கிறேன் என்றால் மூடியைத் திறக்காமல் வைத்திருக்கலாம். ராத்திரி முழுக்க அதை நம்ப வேண்டாம். முட்டையும் காயும் சேர்ந்த சோறாக இருந்தால் அந்த இரண்டு மணி நேரமும் வேண்டாம், வெந்த கையோடு சாப்பிட்டுவிடுங்கள். அதேபோல, அரிசியைக் காலையிலேயே தண்ணீரில் போட்டுவிட்டுப் போய் மாலையில் வந்து சமைக்கும் பழக்கமும் வேண்டாம்.

மதியத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். காலையில் கட்டிய சோற்றை மத்தியானம் ஒரு மணிக்குத் திறப்பது மேலே சொன்ன கணக்குக்குள் வராது. சூடு தாங்கும் ஃபிளாஸ்க் டப்பா ஒன்று இருந்தால், முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றை நிறைய அடைத்து மூடுங்கள். அரைகுறையாக நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். திறக்கும்போது வாயால் ஊதிச் சாப்பிடும் அளவுக்குச் சூடு இருக்க வேண்டும். அப்படி ஒன்று வாங்கும் வரை மதியத்துக்குப் பிரெட், வேர்க்கடலை, பழம் வைத்துக்கொண்டு, சூடான சாப்பாட்டைக் காலையும் இரவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை சமைத்தால் போதும். மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். 400 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 0.2 யூனிட்தான்.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் வந்த அன்றே அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, ஓட்ஸ் இவற்றை மாதம் முழுவதற்கும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாக்களில் போட்டுவிடுங்கள். பிறகு கை வறண்டாலும் சாப்பாடு இருக்கும். முட்டை, காய் வாரா வாரம். ஃபிரிட்ஜ் இல்லாமலே பல நாள் தாங்குபவை உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ், பூசணி. முட்டைக்கோஸை வெட்டி வைக்காமல் வெளி இலைகளை உரித்து உரித்து எடுத்தால் இன்னும் சில நாள் கூடுதலாகவே வரும். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கீரை வாங்கினால் அன்றைக்கே.

குக்கரைப் பார்த்துக்கொள்வதில் பெரிதாக ஒன்றும் இல்லை. உள்பாத்திரத்தின் வெளிப்புறத்தை ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். சூட்டுத் தட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால்கூடப் பாத்திரம் சரியாக உட்காராது, அரைவேக்காட்டில் அணைந்துவிடும் அல்லது தீய்ந்துபோகும். பழுது என்று சொல்லப்படும் பல குக்கர்களில் இந்தப் பருக்கைதான் குற்றவாளி. கறுப்புப் பூச்சு உள்ள பாத்திரத்தில் எவர்சில்வர் கரண்டி போடாதீர்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். அடுப்புக்குத்தான் தடை, குக்கருக்கு இல்லை என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாமல் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்று இரவே அந்த அரைக் கப் அரிசி, கால் கப் பருப்பில் ஆரம்பியுங்கள். அரிசிக்கு அரிசி தண்ணீர் மாறும், குக்கருக்குக் குக்கரும் மாறும். எவ்வளவு ஊற்றினீர்கள், எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதி குக்கருக்கு மேலே சுவரில் ஒட்டி வையுங்கள். மூன்று முறை செய்தும் பதம் வரவில்லை என்றால் அந்தத் தாளில் எழுதியதை அப்படியே எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் உணவியல் ஆலோசகர்